தலையெழுத்தை எழுதுவது யார்?

தலைவிதி என்பதாக ஒன்று கிடையாது என்று நாம் எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. பிரம்மா என்பவர் பிள்ளை பிறந்த உடனே வந்து மண்டை ஓட்டில் ஏதோ கிறுக்கிவிட்டுப் போகிறார் என்பதும், அதை அழிக்க யாராலும் ஆகாது என்பதும், உழைக்காமல் உண்பவன் உழைப்பவனை அடக்கி வைக்கக் கட்டிய கதை என்பதை நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சென்ற வாரம் திருவொற்றியூரிலிருந்து வந்திருந்த ஒரு தோழர் நம்மை மடக்கி ஒரு கேள்வி கேட்டுவிட்டார். "ஐயா, மனுஷனுக்குத் தலையெழுத்து இல்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் ஊருக்கு இருக்கும் போலிருக்கிறதே! அனல் மின்சார நிலையமா, எண்ணூருக்கு. எண்ணெய் சுத்தி செய்யும் ஆலையா, மணலிக்கு. பட்டணத்துக் குப்பையா, கொடுங்கையூருக்கு. நிலக்கரித் தூசும் கண்டெய்னர் லாரியும் எங்கள் தெருவுக்கு. அலங்காரமான கடற்கரை மட்டும் தெற்கே. இதை யார் எழுதினது?" என்றார்.

கேட்க வேண்டிய கேள்விதான். நாம் சொன்ன பதில் இது: எழுதப்பட்டது உண்மை. ஆனால் எழுதியவருக்கு நான்கு தலை கிடையாது. அவருக்கு விலாசம் உண்டு, ஆபீஸ் நேரம் உண்டு, சம்பளம் உண்டு. அந்தச் சம்பளமும் நாம் கொடுப்பது.

எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் ஒரு பெரிய கட்டடம் இருக்கின்றது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் என்னும் ஸ்தாபனம் அங்கேதான் இருக்கிறது. 1972இல் தற்காலிக அமைப்பாகத் தொடங்கி, 1974இல் சட்டப்படியான அமைப்பாயிற்று. எங்கே குடியிருக்கலாம், எங்கே ஆலை வைக்கலாம், எங்கே அபாயகரமான தொழில் நடத்தலாம் என்று நிலத்துக்கு வர்ணம் பூசிப் பிரித்து வைக்கிற படத்திற்கு மாஸ்டர் பிளான் என்று பெயர். முதல் பிளான் 1976இல் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில் வந்தது. அதன் காலம் 2026ஆம் ஆண்டோடு முடிகிறது. அடுத்தது 2027 முதல் 2046 வரைக்கு. முன்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த எல்லையை 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக ஆக்கினார்கள். இன்று பிறக்கிற பிள்ளை இருபது வயது ஆகும்வரை எந்தக் காற்றை மூச்சில் இழுக்க வேண்டும் என்பது அந்தப் படத்தில் இருக்கும். பிரம்மா கூட இவ்வளவு விவரமாக எழுதியதில்லை.

அந்தக் கட்டடத்தின் பெயரைக் கவனிக்க வேண்டும். தாளமுத்து நடராசன் மாளிகை! கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை புகுந்து, சிறைவாசத்திலேயே நோய் கண்டு 1939இல் மாண்டுபோன இரண்டு வாலிபர்களின் பெயர் அது. அவர்களுடைய நினைவிடம் வடசென்னை மூலக்கொத்தளத்து இடுகாட்டில் இருக்கின்றது. எங்களைக் கேட்காமல் எங்கள் பிள்ளைகளின் தலையில் எதையும் கட்டாதே என்று சொன்னதுதான் அவ்விருவரும் செய்த குற்றம். அவர்கள் பெயரைச் சுவரில் பொறித்துவிட்டு, உள்ளே உட்கார்ந்துகொண்டு, மூலக்கொத்தளத்துக்காரனைக் கேளாமலே மூலக்கொத்தளத்துக்குத் திட்டம் போடுவதானால் அந்தப் பெயர்ப் பலகைக்கு என்ன பொருள்?

இது இன்றைக்கு நேற்று வந்த வழக்கமும் அல்ல. மெரினா கடற்கரையின் மணல் பரப்பைப் பார்த்து உலகத்திலேயே நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று பெருமை பேசுகிறோம். அந்த மணல் அவ்வளவு அகலமாக அங்கே சேர்ந்தது எப்படி? வருஷத்தில் பெரும்பாலான மாதங்களில் நம் கடலோரத்து அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். கடற்கரைக் குப்பத்துச் சிறுவனுக்கும் இது தெரியும். 1876இல் தொடங்கி வெள்ளைக்கார வியாபாரிகளின் வசதிக்காகத் துறைமுகச் சுவரைக் கடலுக்குள் நீட்டிக் கட்டினார்கள். 1881இல் புயல் அடித்து உடைத்தது, மறுபடியும் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்குப் பக்கம் குவிந்தது. சுவருக்கு வடக்கே இருந்த இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் கரைகளுக்கு மணல் வரத்து நின்றுபோய், கடல் நிலத்தைத் தின்னத் தொடங்கிற்று. வீடு போயிற்று, தெரு போயிற்று, வலை உலர்த்தும் இடம் போயிற்று. அதற்குப் பிறகு பாறாங்கல்லைக் கொட்டிக் கரையை மூடினார்கள். இன்றும் எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிறவர் கடற்கரையைப் பார்ப்பதில்லை, கல் குவியலைத்தான் பார்க்கிறார். தெற்கே காற்று வாங்குகிறவர் காலில் ஒட்டுகிற மணலில் வடக்கே வீடிழந்தவனுடைய பங்கும் இருக்கிறது என்றால் அது கவிதை அல்ல, கணக்கு.

துறைமுகம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர்களும் நம்மவர்களே. இராயபுரத்துச் செம்படவனை அன்றைக்கு எவனாவது ஒரு வார்த்தை கேட்டானா என்பதே நம் கேள்வி. கேட்டிருந்தால் மணல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவன் சொல்லியிருப்பான்.

சரி, அது வெள்ளைக்காரன் காலம். இன்றைய சங்கதி என்ன? அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. நகர சபைகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 அலுவல்களை அதன் அட்டவணை சொல்லுகிறது. அதில் முதலாவது அலுவலே நகர அமைப்புத் திட்டம்தான். மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு கமிட்டிகள் வேண்டும் என்கிறது. பெருநகருக்குத் திட்டம் போட ஒரு கமிட்டி வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத பேர் நகர சபை அங்கத்தினர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தவர்களாய் இருக்க வேண்டும் என்கிறது. எழுத்தில் எல்லாம் வெகு அழகு! ஆனால் அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து 2008இல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான் அப்படிப்பட்ட ஒரு கமிட்டி இல்லாமலே வந்தது. மந்திரி தலைமையில் உள்ள குழுமம் போட்டது; சர்க்கார் ஒப்பிற்று; முடிந்தது.

கார்ப்பரேஷன் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1688 முதல் நடக்கிற, இந்தியாவிலேயே பழைய நகரசபை என்று மார்தட்டும் இந்தக் கார்ப்பரேஷனில், 1973இல் சபையைக் கலைத்ததிலிருந்து 1996 வரை 23 வருஷம் தேர்தலே நடக்கவில்லை. ஒரு தலைமுறை, தன் தெருவுக்குக் கவுன்சிலர் என்று ஒரு மனிதர் இருக்கலாம் என்பதையே அறியாமல் வளர்ந்தது. மறுபடி 2016 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரை ஐந்து வருஷத்துக்கு மேல் அதிகாரிகள் ராஜ்யம். இந்தக் காலங்களில் கோட்டையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் இயக்கத்தின் பெயரைச் சொல்லி ஓட்டு வாங்கினவர்கள். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆரியன் செய்தால் அக்கிரமம், நம்மவன் செய்தால் நிர்வாகம் என்று சொல்ல இந்தப் பத்திரிகை நடத்தப்படவில்லை.

இதற்கு நடுவே 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகிய நகரசபைகளைக் கலைத்துச் சென்னையோடு சேர்த்தார்கள். மொத்தம் 42 உள்ளாட்சிகள் சேர்ந்து, 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 ஆயிற்று. தனக்கென்று சபை, தலைவர், ஆபீஸ் எல்லாம் வைத்திருந்த திருவொற்றியூர் அப்போது பதினைந்து மண்டலங்களில் ஒன்றாயிற்று. 200 கவுன்சிலர்களில் பதினான்கு பேர். முன்பு நடந்து போய்ச் சண்டை போட்ட சேர்மன் வீடு எங்கே, இப்போது பஸ் பிடித்துப் போக வேண்டிய ரிப்பன் கட்டடம் எங்கே?

அதோடு போயிற்றா? ஒரு எண்ணூர்வாசிக்கு எத்தனை எஜமானர்கள் என்று எண்ணிப் பாருங்கள். காற்றுக் கெட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சாம்பல் கொட்டினால் மின்வாரியம். லாரி மறித்தால் போலீசாரிடம் போ என்பார்கள். போலீசார் துறைமுக வாசலில் தாமதம் என்பார்கள். துறைமுகத்தார் அது நெடுஞ்சாலைக்காரர் வேலை என்பார்கள். துறைமுகமும் ஒன்றா? சென்னைத் துறைமுகம், 2001இல் திறந்த காமராசர் துறைமுகம், அதற்கப்பால் காட்டுப்பள்ளியில் தனியார் துறைமுகம் என்று மூன்று. குடிதண்ணீருக்கு ஒரு வாரியம், குடியிருப்புக்கு ஒரு வாரியம், மீனுக்கு ஓர் இலாகா, ஆற்றுக்கு ஓர் இலாகா, கடலோரச் சட்டத்துக்கு இன்னும் ஓர் அதிகார அமைப்பு. முப்பத்து முக்கோடி தேவர்களைக் கும்பிட வேண்டாம் என்று நாம் சொன்னோம். அந்த இடத்தில் இத்தனை ஆபீசுகளைக் கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். தேவனுக்காவது ஒரே கல்லில் கற்பூரம் கொளுத்தலாம்.

2023இல் வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று ஒன்றை அறிவித்தார்கள். முதலில் 1,000 கோடி ரூபாய் என்றார்கள். 2024 மார்ச்சில் தொடங்கி வைத்தபோது 4,181 கோடி என்றார்கள். வடசென்னைக்குப் பணம் வருவதை நாம் வரவேற்கிறோம். காலங்கடந்து வந்ததென்றாலும் வரவேண்டியதே. ஆனால் பள்ளிக்கூடம் முந்தியா, பஸ் நிலையம் முந்தியா, கழிவுநீர்க் குழாய் முந்தியா என்று வரிசை போட்டவர் யார்? காசிமேட்டுக்காரர் உட்கார்ந்து போட்ட வரிசையா, மேலேயிருந்து இறங்கிய வரிசையா? கல்யாணச் செலவை மாமனார் தாராளமாகக் கொடுக்கலாம். பெண்ணைக் கேட்காமல் மாப்பிள்ளை பார்க்கிற அதிகாரம் அதனால் அவருக்கு வந்துவிடாது.

ஆனால் 2022இல் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. சென்னையில் ஒரு வார்டைப் பத்துப் பகுதியாகப் பிரிப்பது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை. அங்கே ஓட்டர்கள் கூடித் தங்கள் தேவையைச் சொல்வது. பகுதிக்கு ஒரு பிரதிநிதி கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டியில் உட்காருவது. 2022 நவம்பர் 1ந் தேதி உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாடெங்கும் சபைகள் கூடின. முதல் மந்திரியே பம்மலில் ஒரு சபையில் உட்கார்ந்தார். கிராமத்தானுக்குக் கிராம சபை இருக்கையில் பட்டணத்தானுக்கு ஒன்றுமில்லை என்றிருந்த குறை, பேருக்காவது நீங்கிற்று.

பேருக்காவது என்று ஏன் சொல்லுகிறோம்? நாம் ஒரு பகுதி சபைக்குப் போயிருந்தோம். வார்டின் நம்பர் வேண்டாம். நாற்பது நாற்காலி, முன் இரண்டு வரிசையில் கரை வேட்டிகள். தீர்மானப் புத்தகம் முன்கூட்டியே எழுதித் தயாராக இருந்தது. பேச வந்தவர்கள் கவுன்சிலர் அம்மையாரைப் புகழ்ந்தார்கள். பதில் சொன்னது அம்மையாரின் புருஷன். கடைசி வரிசையிலிருந்து மீன் விற்கும் கிழவி ஒருத்தி எழுந்து, "எங்க தெருவுல புதுசா கட்டுன மழைத் தண்ணிக் கால்வா வாசப்படிய விட ஒசரமா நிக்குது சாமி. வீட்ல நிக்கிற தண்ணி அதுல எப்டி ஏறும்?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. இஞ்சினீயர் சிரிக்கவில்லை; கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். "அது மேலிடத்துத் திட்டம், பாட்டி" என்றார். தேசிய கீதம் பாடிக் கூட்டம் கலைந்தது. முழுக் கூட்டமும் முப்பத்தைந்து நிமிஷம்.

தோழர்களே, அந்தக் கிழவியின் கேள்வியைத் தவிர அன்றைக்கு அந்தச் சபையில் வேறு விஷயம் ஏதாவது இருந்ததா? எழுத்தறியாத அவள் மட்டமானியைக் கண்ணிலேயே வைத்திருந்தாள். அவளுடைய கேள்வி புத்தகத்தில் ஏறினதா என்று பார்த்தோம். ஏறவில்லை.

இங்கேதான் பண்டிதர்கள் குறுக்கிடுவார்கள். "திட்டம் போடுவது சாஸ்திரம் அறிந்தவர் வேலை, பாமர ஜனங்களுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். இதை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். வேதத்தைக் குறித்து இதையேதான் சொன்னார்கள். ஆனால் எண்ணூரில் நடந்தது என்ன? 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று முதலில் சொன்னவர்கள் படித்தவர்கள். கரைக்கு வந்த கறுப்பை வாளியில் அள்ளியவர்களுக்குத்தான் உண்மை தெரிந்தது. சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்து ஆறு மேடாகிறது என்று காட்டுக்குப்பத்தாரும் முகத்துவாரக் குப்பத்தாரும் வருஷக்கணக்காகக் கத்தினார்கள். எண்ணூர் மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2022 ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயம் அதற்கு மின்வாரியமே பொறுப்பு என்றது. 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் முகத்துவாரத்துக்கு வந்தபோதும் முதலில் சொன்னவர் படகுக்காரர். அந்த மாதமே 26ந் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூங்கினவர்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள். அந்தக் குழாய் தங்கள் வாசலுக்கு நேரே போகிறது, கசிந்தால் இன்ன பக்கம் ஓடு என்று அவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால், திட்டம் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

படம் போடுகிறவர்களின் யோக்கியதைக்கும் ஓர் உதாரணம் சொல்லுகிறோம். 1996இல் மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் கட்டடம் கூடாத இடமாக இருந்தது என்றும், பின்னால் ஆபீசுகளில் புழங்கிய படத்தில் அந்தக் கழிமுகமே, ஆறாயிரம் ஏக்கருக்கு மேல், இல்லாமல் போயிற்று என்றும், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய காகிதங்களை வைத்துக்கொண்டு 2017இல் மீனவர்களும் அவர்களுக்கு உதவியவர்களும் குற்றஞ்சாட்டினார்கள். அகஸ்தியர் கமண்டலத்தோடு வந்து கடலைக் குடித்தார் என்ற புராணத்தைக் கேட்டு நாம் சிரித்தோமே, அந்த முனிவர் ஒரு பென்சிலோடு சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது!

பொது விசாரணை என்று ஒரு சடங்கும் உண்டு. கலெக்டர் உட்காருவார், ஜனங்கள் பேசுவார்கள், எழுதிக்கொள்வார்கள். சொன்னதைக் கேட்டே தீரவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. நூற்றுக்கணக்கான பக்கம் அறிக்கை இங்கிலீஷில் இருக்கும், தமிழில் சுருக்கம் மட்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விஸ்தரிக்கும் யோசனைக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் வைத்த விசாரணைகள் ஜனங்களின் எதிர்ப்புக்கிடையே தள்ளிப் போயின. தள்ளிப் போனது நல்லதே. ஆனால் திட்டம் முழுதும் முடிந்த பிறகு வந்து அபிப்பிராயம் கேட்பது, சமையல் ஆனபின் என்ன கறி வேண்டும் என்று கேட்பது போலத்தான்.

வேறு ஊர்களில் எப்படி? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்னும் துறைமுகப் பட்டணத்தில் 1999இல் நகர சாசனத்தைத் திருத்தி வட்டார சபைகளை ஏற்படுத்தினார்கள். இன்று தொண்ணூறுக்கு மேல் இருக்கின்றன. அங்கத்தினர்களை நியமிப்பதில்லை, ஜனங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர் மட்டுமல்லாமல் வேலை செய்பவரும் ஓட்டுப் போடலாம். ஆனால் அவற்றுக்கும் ஆலோசனை சொல்லத்தான் அதிகாரம். அங்கே சான் பெட்ரோ என்னும் துறைமுகப் பேட்டை நம் இராயபுரம் மாதிரி. 2001இல் புதிய கப்பல் தளத்தை எதிர்த்து அந்தப் பேட்டை ஜனங்கள் வழக்குத் தொடுத்து, 2002இல் கட்டட வேலையை நிறுத்தி, 2003இல் புகையைக் குறைக்கத் துறைமுகத்தாரிடம் 5 கோடி டாலர் வாங்கினார்கள். சபை இருந்தால் போதாது, சண்டை போடவும் வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லுகிறோம். பக்கத்தில் கேரளத்தில் 1996இல் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே என்று பிரித்து வைத்து, வார்டு தோறும் ஜனங்களைக் கூட்டித் திட்டம் போடச் சொன்னார்கள். பணம் கையில் இருந்ததால் கூட்டத்துக்கு ஆள் வந்தது. வெறும் தீர்மானம் எழுத எவன் கூலியை விட்டு வருவான்?

நம் பட்டணத்துக்கே ஒரு பெருமை உண்டு. வண்ணாரப்பேட்டைத் தியாகராயர் கார்ப்பரேஷன் தலைவராயிருந்த காலத்தில், 1920இல், ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகல் சோறு போடத் தீர்மானம் செய்தார்கள். பின்னாளில் மாகாணம் முழுதும் செய்ததை முதலில் செய்தது ஒரு நகரசபை. ஆகையால் கீழேயுள்ள சபைக்கு யோசனை வராது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இனி நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். எண்ணூர்க் குப்பங்களில் பழைய ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, போராட்டங்களை அதுதான் தாங்குகிறது, அதற்கு வணக்கம். ஆனால் அங்கே உட்காருவது ஒரே ஜாதி, ஆண் பிள்ளைகள் மட்டும். மீனைத் தலையில் சுமந்து விற்பவள் பெண், திட்டம் பேசுவது ஆண் என்றால் இது என்ன நியாயம்? பக்கத்துக் காலனியில் உள்ள ஆதிதிராவிடருக்கும், பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து ஆலையில் வேலை செய்து தகரக் கொட்டகையில் படுக்கிறவருக்கும் அதே புகைதான். ஆனால் வாய் கிடையாது. குடியிருப்போர் சங்கம் என்று வைத்திருக்கிறார்களே, அதிலும் வீட்டுக்காரர்தான் அங்கத்தினர், குடிக்கூலிக்காரர் கணக்கில் இல்லை. 2022இல் வடசென்னையிலிருந்து தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் முதன்முதலாக மேயர் நாற்காலியில் உட்கார்ந்ததைக் கொண்டாடினோம். அந்த நாற்காலிக்கு வந்த சமத்துவம் குப்பத்துத் திண்ணைக்கு வர எத்தனை நாள் ஆகும்?

பகுதி சபைப் பிரதிநிதியை நியமிப்பதை விட்டுத் தேர்தலில் எடுக்க வேண்டும். பாதி பெண்களாக இருக்க வேண்டும். அடுத்த மாஸ்டர் பிளானின் படத்தைத் தமிழில், பெரிதாக, வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்ட வேண்டும். அதன் மேல் பகுதி சபை சொன்ன ஆட்சேபனைக்கு இன்ன காரணத்தால் ஒப்பவில்லை என்று எழுத்தில் பதில் தர வேண்டும். துறைமுகத்தாரும் மின்வாரியத்தாரும் மாசு வாரியத்தாரும் வருஷத்துக்கு ஒரு தரமாவது திருவொற்றியூரிலேயே ஒரே மேஜையில் உட்கார்ந்து, அது என் வேலையல்ல என்று சொல்ல முடியாதபடி பதில் சொல்ல வேண்டும். அரசியல் சட்டம் சொன்ன பெருநகரக் கமிட்டியில் மூன்றில் இரண்டு பங்கு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருந்தாக வேண்டும். சட்டத்தில் இல்லாத எதையும் பெரிதாக நாம் கேட்டுவிடவில்லை.

சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது விதி. அடுத்த கூட்டத் தேதியை உங்கள் கவுன்சிலர் வீட்டில் போய்க் கேளுங்கள். சொல்லவில்லையானால் மண்டல ஆபீசில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்துக்குப் பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். பேசுகிறதை இரண்டு நகலாக எழுதிக்கொண்டு போய், ஒன்றைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். மற்றொன்றை நமக்கு அனுப்பினால், வந்த பதிலையும் வராத பதிலையும் தேதி போட்டு இப்பத்திரிகையில் பிரசுரிப்போம். கால்வாயின் உயரத்தைக் கேட்ட கிழவியின் கேள்வி இந்த இதழிலேயே முதலாவதாக ஏறிவிட்டது.